நெல் காயவிட்ட வீதியில் கார் தானாகத் திரும்பியது

தம்பி,

இதை உறையில் வைத்து ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். எனக்கு அதுதான் சுலபம். ஆனால் என் மகனான உன்மேல் பழி விழுந்தது நம் வீட்டு முற்றத்தில், செத்த வீட்டுப் பந்தலுக்குக் கீழே, ஊர் முழுவதும் பார்த்திருக்க. அதைத் திருப்பி எடுப்பதும் அதே ஊருக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். ஆகவே பங்குனியில் வரும் அம்மாவின் ஆறாவது ஆண்டுத் திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க, இந்தக் கடிதத்தைச் சிறு புத்தகமாக அச்சிடப் போகிறேன். முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தை அடித்துக் கொடுத்த வீட்டார் ஆறு வருடம் கழித்து இன்னொன்று அடிப்பது வழக்கமில்லையே என்று அச்சகத்தில் கேட்டார்கள். அந்தக் கல்வெட்டையும் நான்தான் எழுதினேன். அம்மா பிறந்த ஊர், பெற்றோர், படித்த பள்ளிக்கூடம், குணம், கைப்பக்குவம் எல்லாம் அதில் இருந்தன. அவள் இறந்த விதத்தை எழுத வேண்டிய இடத்தில் ‘எதிர்பாராத விபத்தில்’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். அச்சுக்குப் போகும் முன் இது உன் கைக்கு வரும்.

எழுதி எழுதிக் கிழித்த தாள்களில் எல்லாம் முக்கியமானதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். இந்த முறை அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காரில், சடுதியாகப் பிறேக் பிடிக்கும்போது சக்கரச் சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் என்ற ஏற்பாடு வேலை செய்யவில்லை. அது பழுது என்று காட்டும் எச்சரிக்கை விளக்கை மூன்று மாதங்களுக்கு முன்பே நான் கழற்றுவித்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. அம்மாவை எரித்து ஒரு வாரத்துக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதும் சொல்லவில்லை. மரண விசாரணையில், வாகனத்தில் ஏதும் பழுது இருந்ததா என்று என்னைப் பார்த்துக் கேட்டபோது, இல்லை என்றேன்.

நாங்கள் வாங்கிய அந்தக் கார் உன்னைவிட மூன்றே வயது இளையது. ஏபிஎஸ் வைத்து வந்த பழைய ஜப்பான் கார். ஒவ்வொரு சில்லுக்குப் பக்கத்திலும் காந்தமும் செப்புச் சுருளுமாக ஒரு சிறு சென்சர் இருக்கிறது. சில்லோடு சேர்ந்து ஒரு பல்வளையம் சுற்றும்போது சுருளில் மெல்லிய மின் பிறக்கிறது. அதைக் கொண்டு ஒரு பெட்டி நாலு சில்லின் வேகத்தையும் கணக்கிட்டு, எது பூட்டப் போகிறதோ அதன் பிறேக்கை நொடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. முப்பது வருடம் வகுப்பில் நான் படிப்பித்த மின்காந்தத் தூண்டல்தான். அந்தப் பெருமையில் உன்னை வாய்க்கால் கரைக்குப் பின்னாலிருந்த வெட்டை வெளிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினேன். மணலில் வேகமாக ஓடிவந்து பிறேக்கை மிதிக்கச் சொன்னேன். “அப்பா, பெடல் காலுக்குக் கீழை துடிக்குது!” என்று கத்தினாய். “துடிக்கட்டும். பயந்து காலை எடுக்காதை. அமத்தி மிதிச்சபடியே இரு. மிச்சத்தை அது பாக்கும்” என்றேன். இருபது தடவையாவது செய்ய வைத்தேன். பழைய ஆட்கள் பிறேக்கை விட்டுவிட்டு மிதிப்பதை உனக்குக் காட்டவில்லை. அது தேவையில்லாத பழக்கம் என்றும் சொன்னேன். இந்த இடத்தை நீ நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்க வேண்டும்.

மீற்றர் பலகையில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலாக எரிந்தது நீ கொழும்பில் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில். ஒருநாள் எரியும். மறுநாள் காரை ஸ்ராட் பண்ணினால் அணைந்துவிடும். என் சுபாவம் உனக்குத் தெரியும். ஒரு கொப்பியில் நாள், இடம், மழையா வெயிலா, காரில் எத்தனை பேர், என்ன சாமான் என்று குறித்துக்கொண்டு வந்தேன். மாங்குளத்தில் கராச் வைத்திருந்த றபீக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொரு சில்லாக ஜக் வைத்துத் தூக்கி, கையால் சுற்றி, மின் அளக்கும் மீற்றரில் பார்த்தார். சென்சரைக் கழற்றி அதன் காந்த நுனியில் மயிர்போல ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்தார். “சேர், நாலும் சுகமா இருக்கு” என்றார். பத்து நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. மறுபடியும் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் சுகம். பெட்டியில்தான் பிழை போல, கொழும்பில் தேடிப் பார்ப்போம் என்றார்.

அவர் மூன்றாம் முறை காரைத் தூக்கியபோது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. கொப்பியில் விளக்கு எரிந்த நாட்கள் எல்லாம் பின் ஆசனத்தில் ஆட்கள் இருந்த நாட்களாகவோ டிக்கியில் பாரம் இருந்த நாட்களாகவோ இருந்தன. நான் தனியே போன நாட்களில் ஒருமுறைகூட எரியவில்லை. தூக்கி வைத்தால் சில்லுத் தொங்குகிறது, வயரும் தளர்கிறது. பாரம் ஏறினால் உடல் தாழ்ந்து வயர் இழுபடுகிறது. அப்படியானால் தூக்கி வைத்துச் சோதிப்பதுதானே பிழை? பாரத்தோடு தரையில் நிற்கும்போது பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். றபீக் காருக்கு அடியில் எண்ணெய்க் கையோடு படுத்திருந்தார். புத்தகம் படித்தவன் தொழிலாளிக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறான் என்று நினைப்பாரோ, சிரிப்பாரோ என்று தயங்கி விழுங்கிவிட்டேன். அவர் சிரித்திருக்க மாட்டார். நல்ல மனிதர். ‘அட, பாப்பம் சேர்’ என்று உடனே செய்து பார்த்திருப்பார். ஒரு முழ வயரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

அம்மாவுக்கு அந்த விளக்கைக் கண்டாலே பதற்றம். “இஞ்சருங்கோ, உது என்னையே பாத்துக்கொண்டிருக்கு. உதை நிப்பாட்டுவியுங்கோ, இல்லாட்டி நான் பஸ்ஸிலை போறன்” என்றாள். அவள்மேல் பாரத்தைப் போட இதை எழுதவில்லை. அவள் நிறுத்தச் சொன்னது பழுதை. நான் நிறுத்தியது விளக்கை. றபீக் சும்மா கழற்றித் தரவில்லை. “பல்ப்பைக் கழட்டிறது ரெண்டு நிமிச வேலை சேர். ஆனா பழுது உள்ளுக்கை அப்பிடியே இருக்கும். சடன் பிறேக் அடிச்சா சில்லுப் பூட்டும். கார் ஓடுற ஆக்களுக்குச் சொல்லி வையுங்கோ. தம்பியும் வந்தா ஓடுறவர்தானே” என்றார். “ஓம் ஓம், சொல்லுறன்” என்றேன். நீ வேலைக் கடிதத்தோடு வந்து இறங்கிய அன்று சொல்ல நினைத்தேன். வீடு முழுக்கச் சந்தோசமாக இருந்தது. அடுத்த தடவை வந்தபோதும் சொல்லவில்லை. ‘ஏன் கழட்டினனீங்கள் அப்பா?’ என்று நீ கேட்கப் போகும் ஒரு கேள்விக்குப் பயந்தேன். இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எனக்கே ஆறுதலாக இருக்கும்.

அன்றைக்கு நடந்ததை நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஆனாலும் இதை வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பெரும்போக அறுவடை முடிந்திருந்தது. வழக்கம்போலப் புது நெல்லில் இரண்டு மூடையை அம்மா தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூடைகள் டிக்கியில். அவள் உனக்குப் பக்கத்தில், இடப்பக்க ஆசனத்தில். பின் ஆசனத்திலும் தேங்காயும் பூசணிக்காயும் சாக்கோடு இருந்தன. முல்லைத்தீவு வீதியில் அந்தக் காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தார் ஓரத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் நாங்கள் விடுவதில்லை. சீமெந்துக் களம் எத்தனை பேரிடம் இருக்கிறது? நானும் காயவிட்டவன்தான். எதிரே பஸ் வந்தது. நீ இடப்பக்கம் ஒதுங்கினாய். இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் நெல்லுக்கு மேலே, வலப்பக்கச் சில்லுகள் தாரில். பஸ் கடந்து போன கையோடு நெல்லில் வாய் வைத்துக்கொண்டிருந்த கன்று ஒன்று குறுக்கே பாய்ந்தது. நீ பிறேக்கை மிதித்தாய். கார் வலப்பக்கம் சுழன்று, வீதியைக் குறுக்கறுத்து, மறுகரையில் இருந்த மதகுக் கட்டில் இடப்பக்க விலாவால் மோதியது. அம்மா இருந்த பக்கத்தால்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் நெற்றியில் கட்டோடு இருந்துகொண்டு நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம். “நான் ஸ்ரியறிங்கை வெட்டேல்லை அப்பா. அது தானாத் திரும்பினது.” அதையே பொலிசிலும் சொன்னாய். ஒருவரும் நம்பவில்லை. பதற்றத்தில் வலப்பக்கம் வெட்டிவிட்டு அது நினைவில்லாமல் பேசுகிறாய் என்றார்கள். பந்தலுக்குள் உன் மாமா, தன் அக்காவின் தலைமாட்டிலிருந்து எழும்பி வந்து, உன் சட்டையைப் பிடித்தார். “கார் தானாத் திரும்புமோடா? காருக்கென்ன பேயே பிடிச்சது? வேகமா ஓடி என்ர அக்காவைச் சாக்காட்டிப் போட்டியேடா!” நீ என்னைப் பார்த்தாய். நான் பக்கத்தில் நின்றேன். தம்பி, கார் தானாகத் திரும்பும். தாரிலிருக்கும் சில்லுகள் பிடிக்க, நெல்லிலிருக்கும் சில்லுகள் வழுக்க, பிடிக்கிற பக்கத்துக்கே வண்டி இழுபடும். நாலு சில்லும் பூட்டிய பிறகு ஸ்ரியறிங்கை எங்கே திருப்பினாலும் ஒன்றுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையில் ஒரு படத்தோடு விளங்கப்படுத்திவிடலாம். அந்தப் பந்தலில் அதை அறிந்திருந்த ஒரே ஆள் நான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அதற்குப் பிறகு அந்த வசனத்தைச் சொல்லவேயில்லை. நீதிமன்றத்தில் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டாய்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ‘இரண்டு மூடை, பின்னால் சாமான்’ என்று என் கையெழுத்திலேயே மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் விளக்கு எரிந்திருந்தது. கொப்பியை அலுமாரிக்குள், உன் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். கிழித்து எரிக்கவும் தைரியம் வரவில்லை. ஆறு வருடம் காரை விற்காமல், திருத்தாமல், பின்வளவுக் கொட்டிலுக்குள் விட்டிருந்தேன். மனைவியின் நினைவு என்று ஊர் நினைத்தது.

இந்தத் தையில் உன் கலியாணப் பேச்சுக்காகப் பூவரசங்குளத்துக்குப் போனோம். பெண்ணின் தகப்பன் நல்ல கலகலப்பான மனிதர். “மாஸ்ரர், எங்களுக்கு ஒரு வான் நிக்குது, ஓட ஆளில்லை. மருமோன் வந்தா ஓடுவார் எண்டு பாத்தா, அவர் சைக்கிளைத் தவிர ஒண்டையும் தொடமாட்டாராமே. கண்ணிலை ஏதும் குறையோ?” என்று பகிடியாகத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு, “அவன் என்னைப்போலப் பயந்த சுபாவம்” என்று சிரித்தேன். நீ கோப்பையைக் கீழே வைத்தாய். “கண்ணிலை குறையில்லை. நான் கார் ஓடிக்கொண்டு போய்த்தான் அம்மாவைச் சாக்காட்டினனான். அதைத் தெரிஞ்சுகொண்டு சம்மதம் சொல்லுங்கோ” என்றாய். உன் குரலில் அழுகை இல்லை. பெயரும் பிறந்த ஊரும் சொல்வதுபோலச் சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பி, “அப்பிடியோ மாஸ்ரர்?” என்றார். “விபத்துத்தானே” என்று முணுமுணுத்தேன். அறையின் வாசலில் நின்ற அவர் மகள், அந்தப் பிள்ளைதான் வந்து உன் கோப்பையை எடுத்தாள். “தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேறை போட்டுக்கொண்டு வாறன்” என்றாள். அவளுக்கு இருந்த துணிவில் நூறில் ஒரு பங்கு எனக்கு இல்லை. ஆவணிக்கு நாள் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லியனுப்பியபோதும் எனக்கு நிம்மதி வரவில்லை. நீ என் பொய்யைச் சத்தியமென்று நம்பிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போகப் போகிறாய்.

மறுநாள் கொட்டிலைத் திறந்தேன். முடிவை வைத்துக்கொண்டு சான்று தேடுகிறேனோ என்ற சந்தேகம் எனக்கே இருந்ததால், முறைப்படி செய்தேன். பெட்டிக்குப் போகும் இணைப்பைக் கழற்றி, நாலு சில்லுக்குமான வயர்ச் சோடிகளைப் பிரித்து, மீற்றரில் தடையை அளந்தேன். காலியாக நின்ற காரில் நாலும் ஆயிரத்துச் சொச்சம். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. றபீக் கண்டதும் இதுதான். பிறகு டிக்கிக்குள் இரண்டு வெறும் சாக்கை விரித்து வைத்துவிட்டு, மூடை தூக்க என்னால் ஏலாது என்பதால், வாளியால் நெல்லை அள்ளிக் கொட்டினேன். இரண்டு வாளிக்கு ஒருதரம் முன்னால் வந்து மீற்றரைப் பார்ப்பேன். முதற் சாக்கு நிறையும்வரை ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவதில் பாதிக்கு மேலே போனபோது பின் இடப்பக்கச் சில்லின் எண் துள்ளியது. இன்னும் ஒரு வாளி. எண் இல்லாமல் போனது. வயர் அறுந்தால் காட்டுவதைக் காட்டியது. ஒரு சில்லின் கணக்கு வராவிட்டாலும் அந்தப் பெட்டி ஏபிஎஸ் முழுவதையும் நிறுத்திவிடும். ஒரு வாளி நெல்லை வெளியே எடுத்தேன். எண் திரும்பி வந்தது. மூன்று தரம் போட்டு, மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் அப்படியே. வாளியை வைத்துவிட்டு அந்த வயர் போகும் வழியைத் தடவிப் பார்த்தேன்.

பின்சில்லுக்கு மேலே வயர் வளைந்து போகும் இடத்தில் அதைப் பிடித்து வைக்கும் கிளிப் இல்லை. வெளியுறை முழுசாக இருந்தது. தோலைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் முறிந்து கறுத்துப் பச்சை பூத்திருந்தன. தளர்ந்தால் நுனிகள் தொட்டுக்கொள்கின்றன, இழுபட்டால் பிரிகின்றன. மோதியபோது முறிந்திருக்கலாமே என்று நீ கேட்கலாம், நானும் கேட்டேன். ஆறு வருடத்தில் புது முறிவும் கறுக்கும், ஆகவே கறுப்பைச் சான்றாக எடுக்கவில்லை. ஆனால் மோதலுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அதே பாரத்துக்கு அதே விளக்கு எரிந்ததைக் கொப்பி சொல்கிறது. அந்தக் கொப்பியை இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். ஒரு பிரதியைப் பொலிசில் கொடுத்து, விசாரணையில் நான் சொன்னது பிழை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் தீர்ப்பில் எதுவும் மாறுமோ தெரியாது.

எனக்குத் தெரியாததையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு அரைக் கல்வெட்டாகிவிடும். ஏபிஎஸ் வேலை செய்திருந்தால் அம்மா இன்று இருந்திருப்பாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. உதிரி நெல்லில் அது காரை நிறுத்த இன்னும் கூடுதல் தூரம் எடுத்திருக்கும். கன்றில் மோதியிருப்பாய். ஆனால் கார் இப்படிச் சுழன்றிராது, முன்பக்கத்தால் நேரே போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு. இன்னொன்று. நீ காலை எடுக்காமல் அமத்தி மிதித்தபடியே இருந்தாய் என்று பொலிஸ் குறிப்பில் இருக்கிறது. தாரில் இரண்டு கறுப்புக் கோடுகள் அதற்குச் சாட்சி. அனுபவமில்லாத ஓட்டி, பிறேக்கை விட்டுப் பிடிக்கத் தெரியவில்லை என்று அதைத்தான் உன் குற்றமாக எழுதினார்கள். அப்படி மிதிக்கச் சொன்னவன் நான். வெட்டையில் இருபது தடவை பழக்கியவன் நான். பிறகு அந்தப் பழக்கத்தைக் கொலைப் பழக்கமாக்கும் வேலையைச் செய்துவிட்டு, உனக்குச் சொல்லாமல் கார்த் திறப்பை உன் கையில் தந்தவனும் நான். நீ அன்று செய்ததில் ஒரு பிழையை நான் ஆறு வருடமாகத் தேடினேன், தம்பி. கிடைத்தால் என் சுமை குறையும் என்பதற்காகத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

கலியாணம் முடிக்கப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். பழைய வாகனம் ஒன்று எப்போதாவது உன் கைக்கு வந்தால், அது நோகிற நிலையில் வைத்தே அதைச் சோதி. சும்மா நிற்கும்போது எல்லாம் நல்லதாகவே தெரியும். எந்த விளக்கையும் கழற்றாதே. கழற்றத்தான் வேண்டும் என்றால், அந்த வாகனத்தைத் தொடுகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கழற்று. அந்தப் பிள்ளை ஒன்றைக் கண்டு பயப்படுகிறாள் என்றால், அவள் கண்ணிலிருந்து அதை மறைத்து அவளைச் சமாதானப்படுத்தாதே. நான் உன் அம்மாவுக்குச் செய்தது அது. ஒரு விடயத்தைச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்காதே. சந்தோசமான நாளில் அதைக் கெடுக்க வேண்டாம் என்று தோன்றும், துக்கமான நாளில் இன்னும் கூட்ட வேண்டாம் என்று தோன்றும். நீ மறுபடியும் வாகனம் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஓடாமலே இருந்தாலும் அது உன் விருப்பமாக இருக்கட்டும், தண்டனையாக இருக்க வேண்டாம்.

இவ்வளவையும் எழுதி முடித்து நேற்றுத் தண்ணீரூற்றுக்குப் பஸ்ஸில் போய், உன் மாமாவின் கையில் தாள்களைக் கொடுத்தேன். அவர் முற்றத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொரு தாளாக வாசித்தார். முடித்துவிட்டு முதல் தாளை மறுபடியும் மேலே எடுத்து வைத்தார்.

“அண்டைக்கு நான் அவன்ர சட்டையைப் பிடிக்கேக்கை நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள் அத்தான்.”

“ஓம்.”

“என்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டியிருக்கலாம்.”

“ஓம்.”

“சும்மா ஓம் ஓம் எண்டு சொல்லாதேங்கோ!” என்று கத்தினார். உள்ளேயிருந்து உன் மாமி ஓடிவந்தார். அவர் தாள்களை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். “அந்த மூடை எனக்கெண்டு கொண்டந்ததெல்லோ” என்றார் பிறகு. அதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, பழியைத் திரும்பவும் பங்கு போட நான் வரவில்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “இதை அச்சடியாதேங்கோ. எனக்கும் அவனுக்கும் தெரிஞ்சாக் காணும். சனம் உங்களை உயிரோடை விடாது” என்றார். அச்சடிக்கத்தான் போகிறேன் என்றேன். அவர் என்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அப்ப அவன்ர நம்பரைத் தாங்கோ” என்றார்.

நேற்றுப் பின்னேரம் முன்பின் தெரியாத இலக்கத்திலிருந்து உனக்கு மூன்று தரம் அழைப்பு வந்திருக்கும். அது அவர்தான். நீ எடுக்கவில்லை. இன்று காலை மோட்டார் சைக்கிளில் இங்கே வந்துவிட்டார். இதை எழுதும்போது முற்றத்தில் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. “அவன் என்னை என்ன பேச்சும் பேசட்டும் அத்தான். நான் பேசினதைவிடக் கூடப் பேசட்டும். எடுக்க மட்டும் சொல்லுங்கோ” என்கிறார். எடு என்று உனக்குச் சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டேன். எடுக்காவிட்டாலும் அது நியாயமே. ஒருவேளை எடுத்தால், போனை என்னிடம் தர வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும். என்னுடைய முறை வராமலே போனாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

உன் அப்பா